பின்வாசலில் ஓர் இருமல்

போன வாரம் எங்கள் ரப்பர் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி எழுதியதற்கு இரண்டு பேர் தொலைபேசியில் சண்டைக்கு வந்துவிட்டார்கள். தொட்டி வட்டமாம், நான் சதுரம் என்று எழுதிவிட்டேனாம். இந்த வாரம் மேட்டில் இருந்த துரை பங்களா. அதை இடித்து ரொம்ப நாளாகிறது. மேட்டில் இப்போது வரிசை வீடுகள் நிற்கின்றன. வந்து அளந்து பார்க்க யாராலும் முடியாது என்பதால் தைரியமாகத் தொடங்குகிறேன்.

தொண்ணூறுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பா பங்களாவின் முன்படி உச்சியில் கைகூப்பி நின்றார். போட்டிருந்த கால்சட்டை கோயில் தலைவருடையது. தலைவருக்கு இடுப்பு பெரிசு, அப்பாவுக்கு இடுப்பே கிடையாது. உள்ளே சணல் கயிறு போட்டு இறுக்கியிருந்தோம்.

"கும்புடறப்ப கையை ரொம்பத் தூக்காதலா கோவிந்தா. சட்ட மேல போச்சுன்னா கயிறு தெரியும்" என்று மண்டோர் பெரியப்பா காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். ஆகவே அப்பா கையைத் தொப்புளுக்கு நேரே வைத்துக் கும்பிட்டார். வயிற்று வலிக்காரர் மாதிரி இருந்தது.

அன்றைக்கு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள்.

நான் சமையல்கட்டில் பட்டுப்புடவையில் இருந்தேன். கதவைக் கொஞ்சம் திறந்தால் கூடத்தைத் தாண்டி முன்வராந்தா தெரியும். அப்பாவின் முதுகு தெரிந்தது. சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. கார் வந்து நின்றது. மாப்பிள்ளை சேகர் இறங்கினார். சேகரின் அம்மா கழுத்து நிறைய நகையோடு இறங்கினார்.

"நீங்க ஏறுங்க. நான் காடிய மரத்தடியில விட்டுட்டு வர்றேன்" என்றது சேகரின் அப்பாவின் குரல்.

அவ்வளவுதான். அம்மாவும் மகனும் ஏறி வந்து பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அப்பா "வாங்க, வாங்க" என்று மூன்றாம் முறையும் சொன்னார். காரை ஓட்டி வந்த மனிதரை மட்டும் காணோம். தூங்குமூஞ்சி மரத்தடியில் கார் நின்றது. பக்கத்தில் ஒரு ஜோடி கறுப்புச் சப்பாத்து, வரிசையாக, அழகாகக் கழற்றி வைத்திருந்தது. ஆள் இல்லை.

அவர் எங்கே போனார் என்று சொல்வதற்கு முன்னால் நான் ஒரு யானையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

யாரும் பார்க்காத யானை

எங்கள் தோட்டத்துக்குப் பலகையில் நீளமான இங்கிலீஷ் பெயர் ஒன்று உண்டு. அது மஸ்ஜித் தானாவிலிருந்து வரும் பஸ் டிரைவருக்கே தெரியாது. எல்லோருக்கும் அது ஆனைக்குழித் தோட்டம்தான்.

பெயர்க்காரணம் மண்டோர் பெரியப்பாவுக்குத் தெரியும். அவர் எங்களுக்கு உறவில்லை. வெளிக்காட்டில் ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரும் கேட்காமலே யோசனை சொல்லும் வேலையிலிருந்து மட்டும் ஓய்வு பெறவில்லை. காடு வெட்டும்போது யானை ஒன்று குழியில் விழுந்ததை அவருடைய தாத்தா நேரில் பார்த்தாராம். தீபாவளி சமயத்தில் கேட்டால் தாத்தா யானையைக் கயிறு கட்டி மேலே தூக்கியிருப்பார். கல்யாண வீட்டில், இரண்டு கிளாஸுக்குப் பிறகு கேட்டால், யானையைத் தள்ளிவிட்டதே தாத்தாதான்.

பக்கத்துக் கம்போங்கில், மலாய்க்காரர் கிராமத்தில், கேட்டால் அங்கே யானையே இல்லை, செங்கல்லுக்கு மண் எடுத்த குழி என்பார்கள். மஸ்ஜித் தானா சீனக் கடைக்காரர் அது தன் பாட்டனாரின் பன்றிக் கொட்டில் என்று சத்தியம் செய்வார். யார் சொல்வது நிஜம் என்று குழியைத்தான் கேட்க வேண்டும். அதையும் மூடிவிட்டார்கள்.

எல்லோரும் ஒத்துக்கொள்ளும் சரித்திரம் கொஞ்சம்தான். முதலில் காடு. பிறகு மரவள்ளி. பிறகு ரப்பர். சேலத்துப் பக்கத்திலிருந்தும் திருச்சிப் பக்கத்திலிருந்தும் கப்பலில் கூட்டி வந்த நம் சனங்களுக்குக் கீழே வடக்கு லயம், தெற்கு லயம் என்று ஒட்டி ஒட்டிக் கட்டிய வீட்டு வரிசைகள். நடுவே கோயில், பள்ளிக்கூடம், பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் ஆயாக்கொட்டகை. மேலே மேட்டில், காற்று வரும் இடத்தில், துரைக்குப் பங்களா.

பங்களாவுக்கு மரமும் கல்லும் சுமந்து ஏற்றியது நம் ஆட்கள். முன்படிக்குக் கருங்கல் போட்டதும் அவர்கள்தான். போட்டு முடித்த மறுநாளிலிருந்து அவர்கள் யாரும் அதில் கால் வைக்கக் கூடாது என்று ஆயிற்று. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

இறங்கலாம், ஏறக்கூடாது

அந்த மேட்டில் பல துரைகள் இருந்து போனார்கள். ஒருவருடைய பெயரும் நம் சனங்களின் வாயில் நுழையவில்லை. நாய்த் துரை, சுருட்டுத் துரை, குளிக்காத துரை என்றுதான் வரலாறு பதிவாகியிருக்கிறது. வெள்ளைக்காரர்கள் போன பிறகு நம்மவர் ஒருவர் மேனேஜராக வந்தார். இவராவது முன்படியில் ஏறச் சொல்வார் என்று சனங்கள் நினைத்தார்கள். அவர் படியோரம் பூந்தொட்டி வைத்து வழியை இன்னும் குறுக்கிவிட்டார்.

அவருடைய மனைவி ஒருநாள் குளியலறையில் பாம்பைப் பார்த்தார். அடுத்த மாதமே மேனேஜர் டவுனுக்குக் குடிபோய்விட்டார். காலையில் காரில் வந்து, ஆபீசில் கையெழுத்துப் போட்டு, மத்தியானமே போய்விடுவார். காலியான பங்களாவுக்கு என் அப்பா ஜாகா ஆனார். பகலிலும் இரவிலும் காவல், கூட்டுவது, துடைப்பது எல்லாம் அவர்தான். பின்பக்கம் சமையல்காரருக்கு இருந்த இரண்டு அறையில் எங்களைக் குடிவைத்தார்கள்.

ஆக, நாங்கள் பங்களாவாசிகள். கூடம் பூரா எங்கள் பொறுப்பு. ஒருநாளும் அங்கே உட்கார்ந்ததில்லை. அப்பா தினமும் காலையில் கூடத்தின் வழியாக வந்து, முன்படியை உச்சியிலிருந்து கூட்டிக்கொண்டே இறங்குவார். கீழே வந்ததும் விளக்குமாற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பின்வாசலுக்கு வருவார்.

"கீழ வந்துட்டீங்க, அப்படியே மேல ஏறி வந்தா என்னாப்பா? யாரு பார்க்கறா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கால் வரமாட்டேங்குதும்மா" என்றார்.

அப்பா அந்தப் படியில் இறங்கியிருக்கிறார். ஏறியதே இல்லை.

இருமலில் இத்தனை வகை

பின்வாசலுக்கும் ஒரு சட்டம் உண்டு. பழைய துரைகளுக்குச் சத்தம் ஆகாது. கூப்பிடக் கூடாது, கதவைத் தட்டக் கூடாது. அதனால் மரத்தடியில் செருப்பை விட்டுவிட்டு, வீட்டைச் சுற்றி வந்து, பின்வாசலில் நின்று இரும வேண்டும். உள்ளே இருக்கும் சமையல்காரர் இருமலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்.

தெற்கு லயத்து இருமல் பட்டாசு மாதிரி ஒரே வெடி. வடக்கு லயத்தார் அப்படி இல்லை. முதலில் தொண்டையைச் செருமி, அடுத்து நீளமாக ஒரு இழுப்பு, கடைசியில் "மன்னிச்சுக்குங்க" என்பதுபோல் ஒரு குட்டி இருமல். வீட்டுக்கு வீடு சின்னச் சின்ன வித்தியாசமும் உண்டு. பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே இதையும் பழகிவிடுவார்கள்.

துரைகள் போனார்கள், இருமல் போகவில்லை. என் அம்மாவிடம் தேங்காய்த் துருவி இரவல் கேட்க வருகிறவர்கள்கூடப் பின்வாசலில் நின்று இருமிக்கொண்டிருந்தார்கள். துருவியோ வருஷத்தில் பாதி நாள் ஊர் சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் இருமல் கேட்டாலே அம்மா திரும்பிப் பார்க்காமல் சொல்லும் பதில் ஒன்று தயாராக இருந்தது. அதை இப்போது கேட்கப் போகிறீர்கள்.

கண்ணாடி போட்ட காலண்டர்

அதற்கு முன் சேகர். எனக்கு டவுன் பக்கம் பாச்சாங்கில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை. சேகரின் அப்பாவுக்குத் தெங்கேராவில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை. கோயில் முருகன் படத்துக்குக் கண்ணாடி உடைந்துபோய், அதை நான் எடுத்துக்கொண்டு போனேன். முருகனுக்கு அப்புறம் பிள்ளையார். பிள்ளையாருக்கு அப்புறம் பள்ளிக்கூடக் குரூப் போட்டோ. எல்லாம் தீர்ந்துபோய், கடைசியில் போன வருஷத்துக் காலண்டரைக் கொண்டுபோய் நீட்டினேன்.

சேகர் காலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுக்கு யாருலா கண்ணாடி போடுவா? சொல்ல வேண்டியத நேராச் சொன்னா என்னா?" என்றார். சொன்னேன்.

சிக்கல் அவருடைய அம்மா. "லயத்து வீட்டுல பொண்ணு எடுக்கறதுக்கு நான் சும்மாவே இருந்துடுவேன்" என்பது அவர் பலமுறை சொன்ன வாக்கியம். அவர் வீட்டுக்காரரின் குடும்பம் நாகப்பட்டினத்திலிருந்து நேரே கப்பலேறி வந்து கடை வைத்த வியாபாரக் குடும்பமாம். அந்தப் பெருமையைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து ஆணி அடித்துக்கொண்டிருப்பார், வாயே திறக்க மாட்டார்.

சேகர் வீட்டில் சொன்னது இதுதான்: "அவங்க பங்களாவுல இருக்காங்கம்மா. அவ அப்பாதான் பங்களாவப் பார்த்துக்கறாரு." ஒரு வார்த்தை பொய் இல்லை. மீதியை அந்த அம்மா தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொண்டார். அவர் மனதில் என் அப்பா மேனேஜர் ஆகிவிட்டார்.

"அதுவும் நல்லதுக்குத்தான்லா" என்றார் மண்டோர் பெரியப்பா. "ஒரே ஒரு நாளைக்கு மேனேஜரா நில்லு கோவிந்தா. வெத்தல பாக்கு மாத்துன பிறவு மெதுவா சொல்லிக்கலாம்." அப்பாவுக்கு இஷ்டமே இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கால்சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டார்.

தன் அம்மா சரி சொல்லாமல் சேகர் தாலி கட்ட மாட்டார். சேகரைத் தவிர வேறு யாருக்கும் நான் கழுத்தை நீட்டுவதாக இல்லை. அந்த ஒரு காலைப் பொழுதில் அது நடந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

"துருவி இல்ல!"

இப்போது சமையல்கட்டுக்கு வாருங்கள். அம்மா அடுப்பில் கேசரியைக் கிண்டிக்கொண்டிருந்தார். விறகடுப்பு, புகை கண்ணைக் கரித்தது. மண்டோர் பெரியப்பாவை, அவர் வாய்க்குப் பயந்து, முன்பக்கம் வரக்கூடாது என்று சொல்லி விறகறையில் உட்கார வைத்திருந்தோம். நான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு முன்வராந்தாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். காரை ஓட்டி வந்த மனிதரை இன்னும் காணோம்.

பின்வாசலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். நீளமாக ஒரு இழுப்பு. அப்புறம் ஒரு குட்டி இருமல்.

அம்மா திரும்பவே இல்லை. "தேங்காத் துருவி இல்ல! போன வாரமே தெக்கு லயத்துக்குப் போயிருச்சு, அங்க போய்க் கேளு!" என்று கத்தினார்.

பிறகு ரொம்பப் பணிவாக ஒரு குரல் கேட்டது.

"துருவி வேணாம்மா. நான் மாப்பிள்ளைக்கு அப்பா."

அம்மாவின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். முழுக்கைச் சட்டை, கோடு போட்ட கால்சட்டை, வெறும் கால். கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் குனிந்து, பின்வாசல் படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார் தெங்கேராக் கடை முதலாளி.

நாங்கள் வாயைத் திறப்பதற்குள் விறகறைக் கதவு படாரென்று திறந்தது.

"அடியாத்தி! இது வடக்கு லயத்து இருமலுலா!" மண்டோர் பெரியப்பா தலையெல்லாம் மரத்தூளோடு வெளியே வந்தார். "அதுலயும் இது அஞ்சலை வீட்டு இருமல்! பங்களாவுல பாத்திரம் கழுவுன அஞ்சலை! டேய், நீ அஞ்சலை மவன் ராசு தானடா?"

அந்த மனிதர் பெரியப்பாவை உற்றுப் பார்த்தார். "ஆமாண்ணே" என்றார். அதைச் சொன்னதும் அப்படியே பின்வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார்.

அம்மா என்ன செய்வதென்று தெரியாமல் எனாமல் பூசிய மங்குக் கோப்பையில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். விருந்தாளிக்கு என்று இரவல் வாங்கிய பீங்கான் கோப்பைகள் அலமாரியிலேயே இருந்தன. அவர் மங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசினார்.

"சின்னப் புள்ளையில ஒருநா நான் முன்னாடி படியில ஏறிட்டேன். துரை பார்த்துக்கிட்டு நிக்கறாரு. எங்கம்மா அவரு முன்னாடியே என்னை விளாசிட்டாங்க. அப்பறம் ராத்திரி பூரா என்னைக் கட்டிக்கிட்டு அழுதாங்க. அந்த மாசமே டவுனுக்குப் போயிட்டோம். இந்தப் பங்களான்னு மவன் சொன்னப்பவே எனக்குத் தெரியும். இன்னிக்குக் காடியில வந்து, சப்பாத்தோட அந்தப் படியில ஏறிப் பார்த்துடணும்னுதான் வந்தேன்." தன் வெறுங்காலைப் பார்த்தார். "கால் தன்னால இங்க வந்துருச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மை கலையும் என்று அம்மா என் தொடையில் கிள்ளினார்.

வராந்தாவில் ஒருவர்

தன் அப்பாவைத் தேடச் சொல்லி அம்மா அனுப்பிய சேகர் பின்பக்கம் வந்தார், திரும்பிப் போகவில்லை. சேகரைத் தேடி என் அப்பா வந்தார், "யாரு, ராசு அண்ணனா? நாம ஆயாக்கொட்டகையில ஒரே ஏணையில கெடந்தவங்களாமே!" என்று கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார். கயிறு வெளியே தொங்கியது. யாரும் கவனிக்கவில்லை. யானை விஷயம் ஆரம்பமாகிவிட்டது. சேகரின் அப்பா சத்தம் போட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துத் தான் பார்த்ததே இல்லை என்று சேகர் என் காதோரம் சொன்னார்.

அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் சேகரின் அம்மா கூடத்தின் வழியாக வந்து சமையல்கட்டு வாசலில் நின்றார்.

"என்னங்க இது? தரையில உட்கார்ந்துக்கிட்டு, மங்குல குடிச்சிக்கிட்டு?"

சேகரின் அப்பா எழுந்திருக்கவில்லை. "மங்களம், நான் நாகப்பட்டினம் இல்ல. இதோ கீழ இருக்குதே, அந்த வடக்கு லயத்துல பொறந்தவன். எங்கம்மா இந்த அடுப்படியிலதான் பாத்திரம் கழுவுனாங்க."

அப்பா மெல்ல எழுந்தார். அவர் செய்வார் என்று நான் எதிர்பார்க்காததைச் செய்தார். "அம்மா, நானும் மேனேஜர் இல்ல. ஜாகா. இந்தக் காச்சட்டகூட எனக்குச் சொந்தமில்ல" என்றார்.

அந்த அம்மாவின் முகம் சிவந்தது. "சேகர், காடிய எடு. போவோம்."

சேகர் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். சாவி அவருடைய அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது. அவர் மங்கை நீட்டி, "இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா" என்றார்.

அந்த அம்மா திரும்பி விடுவிடுவென்று கூடத்தைக் கடந்து முன்படியில் இறங்கிப் போனார். கொலுசுச் சத்தம் படிப்படியாகக் கேட்டது, நின்றது. அவ்வளவுதான் மாலதி, முடிந்தது உன் கதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெரியப்பாகூட யானையைப் பாதிக் குழியில் விட்டுவிட்டார். கேசரி அடிப்பிடித்த வாசனை வந்தது. அம்மா அவசரமாகத் திரும்பிக் கிண்டத் தொடங்கினார்.

போய்ச் சமாதானம் சொல்லலாமா என்று சேகர் எழுந்தார். "உட்காருடா. கொஞ்சம் விடு" என்றார் அவர் அப்பா.

அந்த அம்மா என்ன செய்தார் என்பதைப் பிறகு அவர் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொண்டேன். மரத்தடிக்குப் போயிருக்கிறார். கார் பூட்டியிருந்தது. பக்கத்தில் வீட்டுக்காரரின் சப்பாத்து. தினமும் காலையில் தான் துடைத்துவைக்கும் சப்பாத்து. அதை வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டு ஒரு மனிதர் வெறுங்காலோடு பின்பக்கம் போயிருக்கிறார். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் அது ஏனென்று தனக்குத் தெரியவில்லையே என்று வெயிலில் நின்று யோசித்தாராம்.

உள்ளே எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. பின்வாசலுக்கு வெளியே கொலுசுச் சத்தம் மட்டும் கேட்டது. வந்தது, நின்றது.

பிறகு ஒரு இருமல். வடக்கு லயமும் இல்லை, தெற்கு லயமும் இல்லை. பழக்கமே இல்லாத, புதுசான ஒரு இருமல்.

அம்மாவுக்கு முதுகு வாசல் பக்கம். "தேங்காத் துருவி இல்ல! தெக்கு லயத்துல கேளு!"

பட்டுப்புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலில் செம்மண்ணோடு, அந்த அம்மா படிக்குக் கீழே நின்றார்.

"துருவி வேணாம்" என்றார். "பொண்ணத் தட்ட எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க. எனக்கும் மங்குலயே ஊத்துங்க."

அது அடுப்புப் புகையில் தானாக வந்த இருமல்தான் என்று என் மாமியார் இன்றுவரை சாதிக்கிறார்.